காந்தம் ஒட்டினால் போதும் என்றார்கள், நம்பினேன்

மேலே கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே சிவந்து எரியும் கம்பிச் சுருள். இந்த மாதிரி செராமிக் மின் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. இண்டக்ஷன் அடுப்பு வேறு சாதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதை வைத்துத்தான் என் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

அடுப்பு வந்த வாரமே ஆறு உருப்படி கொண்ட பாத்திர செட் ஒன்று வாங்கப் போனேன். விற்றவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வாணலியின் அடியில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. "பாருங்க சார், இண்டக்ஷன் பாட்டம். கண்ணாடி அடுப்புக்குன்னே செஞ்சது. வீட்ல இருக்கிற பழசு எதையும் அதுல வெச்சுடாதீங்க, கண்ணாடி போயிடும்" என்றார். செட்டை வாங்கி வந்து, பழைய பாத்திரங்களைப் பரணில் ஏற்றினேன்.

காந்தம் ஒட்டினால் அடியில் இரும்புத் தன்மை இருக்கிறது என்று அர்த்தம். இண்டக்ஷனுக்கு அது உயிர்நாடி. செராமிக் அடுப்பிலோ சுருள் கண்ணாடியைச் சூடாக்குகிறது, கண்ணாடி பாத்திரத்தைச் சூடாக்குகிறது. அங்கே இரும்புக்கு வேலையே இல்லை. அடி தட்டையாக இருந்து கண்ணாடியோடு படிய வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கியது மெல்லிய அலுமினியப் பாத்திரம். துளைத் துளையாக இருந்த ஒரு இரும்புத் தகட்டை அதன் அடியில் அழுத்திப் பதித்திருந்தார்கள். இரண்டு உலோகமும் சூட்டில் ஒரே அளவில் விரியாது. இரண்டே வாரத்தில் வாணலிக்குத் தொப்பை விழுந்துவிட்டது. கைப்பிடியை லேசாகத் தட்டினால் பம்பரமாகச் சுற்றியது.

இதில் என் பங்கும் உண்டு. வெறும் வாணலியை முழுச் சூட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறேன். கொதிக்கக் கொதிக்க இருந்ததைக் குழாய்த் தண்ணீரில் காட்டியும் இருக்கிறேன். நல்ல பாத்திரமே அதற்கு நெளியும். நான்ஸ்டிக் பூச்சும் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். ஆனால் அந்த செட்டில் நான் தொடவே தொடாத பாத்திரத்தின் அடியும் மேடாகத்தான் இருந்தது.

அடுத்த கூத்து, சுருள் எரிந்து எரிந்து அணைந்தது. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "சுருள் போச்சு, மாத்தணும்" என்றார். நல்ல வேளை, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். குறைந்த சூட்டில் வைத்தால் அந்த அடுப்பு விட்டு விட்டுத்தான் எரியும், அதன் இயல்பே அது. முழுச் சூட்டில் அடிக்கடி அணைந்தால், அடி படியாததால் வெப்பம் பாத்திரத்துக்கு ஏறாமல் கண்ணாடியிலேயே தேங்குகிறது என்று சந்தேகப்படலாம். கண்ணாடி அளவுக்கு மேல் காயாமல் இருக்க ஒரு பாதுகாப்புக் குச்சி சுருளின் குறுக்கே இருக்கும், அதுதான் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதே சுருளின் வளையத்தில் தட்டையான அடி கொண்ட வேறொரு பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் 8 நிமிடத்தில் கொதித்தது. தொப்பை வாணலியில் 14 நிமிடம். சுருளில் கோளாறே இல்லை.

செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கண்ணாடியில் விழுந்திருந்த சாம்பல் நிறக் கோடுகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் தேய்ச்சுக் கீறியிருக்கீங்க" என்றார் விற்றவர். அவை கீறலே இல்லை. நகத்தால் வருடினால் நகம் மாட்டவில்லை. பாத்திரத்தை இழுக்கும்போது ஒட்டிய அலுமினியப் பூச்சு அது. செராமிக் அடுப்பைச் சுத்தம் செய்யும் கிரீமைத் தடவித் துடைத்ததும் போய்விட்டது. பில்லிலோ "இண்டக்ஷன் பாட்டம்" என்று மட்டும்தான் இருந்தது. கண்ணாடி அடுப்புக்குன்னே செஞ்சது என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. எழுதி வாங்காதது என் தப்பு.

கடைக்குப் போகும்போது காந்தத்துக்குப் பதில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டு போங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுவில் நூலிழை இடைவெளி இருந்தால் பரவாயில்லை, சூடானதும் தட்டையாகிவிடும். ஸ்கேல் நடுவில் தட்டி இரண்டு பக்கமும் ஆடினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அடியின் அகலம் வளையத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வார்ப்பிரும்பும் வைக்கலாம், ஆனால் சொரசொரப்பான அடியை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

பயப்பட வேண்டியவை வேறு. பாத்திரம் வற்றிக் காய்ந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை அதைத் தூக்காதீர்கள். அடுக்கு அடி கொண்ட பாத்திரத்தின் உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தூக்கும்போது காலில் கொட்டலாம். சர்க்கரை சேர்ந்தது எது வழிந்தாலும் இதற்கு நேர்மாறு, ஆறக் காத்திருக்கக் கூடாது. அடுப்பை அணைத்து, கையுறை போட்டுக்கொண்டு, சூட்டோடு பிளேடால் சுரண்டி எடுங்கள். இறுகிவிட்டால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரலாம். விரிசல் கண்டால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். வழிகிற தண்ணீர் உள்ளே மின்சாரம் ஓடும் இடத்துக்குப் போகும்.

பணம் திரும்பி வரவில்லை. 8 நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது என்றேனே, அது பரணிலிருந்து இறக்கிய பழைய அடிகனமான எவர்சில்வர் பாத்திரம். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.