வசந்த வார இறுதி: திருவிழாவா, கச்சேரியா, சந்தையா?

ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு நகரத்தில் சனி, ஞாயிறு தங்கக் கிடைத்தால், எங்கே போவது என்று முடிவெடுப்பதற்குள்ளேயே பாதி நாள் கழிந்துவிடும். ஒரு பக்கம் தெருவை அடைத்துத் திருவிழா, இன்னொரு பக்கம் பூங்காவில் மேடை போட்டுக் கச்சேரி, சதுக்கத்தில் சந்தை. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு எதுவுமே முழுசாகக் கிடைப்பதில்லை.

மூன்றையும் எடைபோட நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நடுவில் வானிலை மாறினால் என்ன ஆகும்? அங்கெல்லாம் வசந்தகாலத்தை நம்பவே முடியாது. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மழை கொட்டும், இருட்டியதும் பல் கிட்டும்.

திருவிழாவை எடுத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது, ஊரே தெருவில் இறங்கியிருக்கும், வண்ணத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் குறைவில்லை. சிக்கல் தேதியில்தான். பூவை நம்பி நடக்கும் விழாக்களில் இது நன்றாகத் தெரியும். 1912-இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு 3,020 செர்ரி மரங்களைப் பரிசாக அனுப்பியது. அந்த மரங்களைக் கொண்டாடும் விழாவின் தேதியை மாதக்கணக்கில் முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள். மரங்களுக்கு அந்தத் தேதி தெரியுமா? 1990-இல் மார்ச் 15-ஆம் தேதியே பூத்துக் குலுங்கின. 1958-இலோ ஏப்ரல் 18 வரை காக்க வைத்தன. ஒரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம். பூத்தாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் நிற்கும், பலத்த காற்றடித்தால் அதுவும் இல்லை. பூவுக்காகவே போகிறவர்கள் விழா அட்டவணையை மட்டும் நம்பி டிக்கெட் போடக்கூடாது. அணிவகுப்புக்காகவும் கூட்டத்துக்காகவும் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தேதி மாறாத விழாக்களுக்கு வேறு ஆபத்து. பார்சிலோனாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 23 சான்ட் ஜோர்டி நாள். தெருவெங்கும் புத்தகக் கடைகளும் ரோஜாக் கடைகளும் முளைக்கும், ஒருவருக்கொருவர் புத்தகமும் ரோஜாவும் கொடுத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் அது அரசு விடுமுறை நாள்கூட அல்ல. 2022-இல் அது சனிக்கிழமையாகவே அமைந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகள் விலகியபின் வந்த முதல் கொண்டாட்டம். அன்றைக்கென்று ஆலங்கட்டி மழையும் காற்றும் வந்து கூடாரங்களைச் சாய்த்தன, புத்தகங்கள் நனைந்து போயின. திருவிழாவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியாதே.

கச்சேரிக்கு அந்த நிச்சயமின்மை கொஞ்சம் குறைவு. இத்தனை மணிக்கு இன்னார் பாடுவார் என்று தெரிந்து போகிறோம். ஆனால் பணத்தை முன்கூட்டியே கட்டுகிறோம், திறந்தவெளிக் கச்சேரிகள் பல 'மழையானாலும் நடக்கும்' என்ற நிபந்தனையோடுதான் விற்கப்படுகின்றன. நனைந்துகொண்டே கேட்க மனமில்லை என்றால் காசு திரும்ப வராது. டிக்கெட் எடுக்கும்போதே அந்த வரியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.

எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதே கச்சேரி சொர்க்கமாகவும் இருக்கும், வெறும் இரைச்சலாகவும் இருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், டிரம்ஸில் குச்சி விழுவது கண்ணுக்குத் தெரிந்து கால் நொடிக்கு மேல் கழித்தே சத்தம் வந்து சேரும். பெரிய மைதானங்களில் நடுவில் கோபுரம் கட்டி ஸ்பீக்கர்களை மாட்டி, அவற்றில் வரும் ஒலியை வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்துவது இதைச் சமாளிக்கத்தான். காற்று குறுக்கே வீசினால் உயர்ந்த சுருதிகள் ஒரு கணம் தேய்ந்து மறுகணம் திரும்பும். அதனால் முன்வரிசைக்கு முண்டியடிக்காமல், சவுண்ட் இன்ஜினியர் தன் மேசையோடு உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடிப்போய் அதன் அருகில் நில்லுங்கள். அவர் காதில் விழுவதை வைத்துத்தான் மொத்த ஒலியும் அமைகிறது. காதடைப்பானும் அவசியம். உலக சுகாதார அமைப்பு 2022-இல் இத்தகைய அரங்குகளுக்கு வகுத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபெல். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் வாரத்துக்கு 20 நிமிடம்தான் என்கிறது அதே அமைப்பு. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு வெறுங்காதோடு போவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் காதை மூடும் ஹெட்செட் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

சந்தைக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், போதும் என்று தோன்றும்போது வெளியேறலாம். மழை வந்தால் கடைக்காரரின் தார்ப்பாய்க்கு அடியிலேயே ஒதுங்கி அவரிடம் பேச்சுக் கொடுக்கலாம். பழம்பொருள் தேடுகிறவர்கள் விடிந்ததும் போய்விட வேண்டும், நல்லவை எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் கைமாறிவிடும். பேரம் பேசி வாங்குகிறவர்களுக்கு மூடும் நேரம்தான் தோது. விற்காத சாமானைத் திரும்பச் சுமக்க யாருக்கும் ஆசை இருக்காது.

சந்தை என்றால் பாட்டும் கூத்தும் இருக்காது என்று நினைப்பவர்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏப்ரல் 27 நெதர்லாந்து மன்னரின் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முந்தின நாளே கொண்டாடிவிடுவார்கள், 2025-இல் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு அனுமதி எதுவும் வாங்காமல் யார் வேண்டுமானாலும் தெருவில் கடை போடலாம். வோண்டல் பூங்காவில் குழந்தைகள் போர்வை விரித்துத் தங்கள் பழைய பொம்மைகளைப் பரப்பி வைத்து விற்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு குழந்தை தொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலின் வாசிக்கும். அந்தக் குழந்தையிடம் நின்று கேட்காமல் கடந்து போக மனம் வராது. ஆனால் பிற்பகலில் நகர மையத்தில் கூட்டம் நெரியும். பூங்காவைக் காலையில் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு என் தேர்வில் சந்தையும் கச்சேரியும் மட்டுமே, கச்சேரியும் இருக்கை உள்ளதாக இருந்தால்தான். திருவிழாக் கூட்டத்தில் கழிப்பறை வரிசையும், உட்கார இடமில்லாததும், அடைத்த தெருக்களைச் சுற்றி நடப்பதும் அவர்களை வாட்டிவிடும். குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காததால் தோல் கருகுவதும் தெரியாது. சன்ஸ்கிரீனும் தொப்பியும் பையில் இருக்கட்டும். நண்பர்களோடு, இளம் கால்களோடு போகிறவர்கள் திருவிழாவைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம், கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள்.

இரண்டு நாள் முழுசாக இருந்தால் சனிக்கிழமை காலையைச் சந்தைக்கு ஒதுக்குங்கள். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் மிச்சமிருந்தால், சந்தையிலிருந்து வெளியே வந்து வானத்தையும் அன்றைய வானிலை அறிக்கையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆசைப்பட்ட கலைஞர் என்றால் மட்டும் முன்பதிவு.