வாடகை டிவிடெண்டாக வருவது நல்லதா, கடன் தவணையாக வருவதா? இரண்டு வகை ஆபீஸ் ரெய்ட்கள், ஓர் ஒப்பீடு

போன நிதியாண்டு வரை என் டீமேட் கணக்கில் இரண்டு ஆபீஸ் ரெய்ட்கள் (REIT: பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வைத்திருந்து, வாடகையை அவர்களுக்குப் பகிர்ந்து தரும் டிரஸ்ட்) இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. விற்றதற்குக் காரணம் கட்டடமும் இல்லை, குடியிருந்த நிறுவனங்களும் இல்லை. இரண்டும் காலாண்டுக்கு ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் தந்தன. அந்தத் தொகை எந்தப் பெயரில் வந்தது என்பதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2014-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த விதிகள் எல்லா ரெய்ட்களுக்கும் ஒன்றுதான். சொத்து மதிப்பில் குறைந்தது 80% கட்டி முடித்து வாடகை ஈட்டும் கட்டடங்களில் இருக்க வேண்டும். கையில் உள்ள ரொக்கம் போக நிகரக் கடன் 49%-ஐத் தாண்டக் கூடாது. பகிர்ந்தளிக்கத் தக்க நிகர ரொக்கத்தில் 90% யூனிட்தாரர்களுக்கு, அதாவது ரெய்ட்டில் பணம் போட்டவர்களுக்கு, போயாக வேண்டும். இந்த ரொக்கத்தை ஒவ்வொரு ரெய்ட்டும் தன் வழியில் கணக்கிட்டுக்கொண்டிருந்த நிலை மாறி, 2024 ஏப்ரல் முதல் ஒரே சூத்திரம் வந்துவிட்டது. ஆகவே இந்த அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் தேட வேண்டியதில்லை.

வித்தியாசம் உள்கட்டமைப்பில் இருக்கிறது. மேலே டிரஸ்ட் இருக்கும், நம் யூனிட்கள் அதனுடையவை. கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள எஸ்பிவி எனப்படும் தனித்தனி நிறுவனங்களின் பெயரில் இருக்கும். வாடகை முதலில் எஸ்பிவிக்கு வருகிறது. அங்கிருந்து டிரஸ்ட்டுக்கு ஏறிவர முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: பங்குக்கு டிவிடெண்ட், டிரஸ்ட் கொடுத்த கடனுக்கு வட்டி, அந்தக் கடனின் அசல் திரும்புவது. எந்த வழியில் வந்ததோ அதே பெயரோடுதான் நம் கைக்கும் வருகிறது. வரியும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் விழுகிறது.

ஒரு ரெய்ட் ஏன் கடன் வழியைப் பிடிக்கிறது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்த பிறகு, வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் எஸ்பிவிகூட ஏட்டில் நஷ்டம் காட்டலாம். ஏட்டில் லாபம் இல்லையென்றால் கம்பெனிச் சட்டப்படி டிவிடெண்ட் தர முடியாது. ரொக்கம் இருக்கும், ஆனால் வெளியே வராது. டிரஸ்ட் யூனிட் வெளியீட்டில் திரட்டிய பணத்தை எஸ்பிவிக்குக் கடனாகக் கொடுத்து, அதைக்கொண்டு பழைய வங்கிக் கடனை அடைக்கச் செய்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். லாபம் இல்லாவிட்டாலும் வட்டி, அசல் என்று ரொக்கம் மேலே வந்துவிடும். அந்த வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்வதால் எஸ்பிவியின் வரியும் குறையும்.

சந்தையில் பட்டியலான தொடக்க ஆண்டுகளில் மைண்ட்ஸ்பேஸ் என்ற ஆபீஸ் ரெய்ட் பெரும்பகுதியை டிவிடெண்டாகத் தந்தது. இன்னொரு ஆபீஸ் ரெய்ட்டான புரூக்ஃபீல்ட் இந்தியாவின் பகிர்வில் வட்டியும் கடன் அசலுமே அதிகமாக இருந்தன. இந்த விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு மாறும், அதனால் பழைய எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

சரி, நம் கையில் என்ன நிற்கிறது? 30% வரி வரம்பில் இருக்கும் ஒருவருக்கு, செஸ் சேர்த்து 31.2% என்று வைத்து, ஒரு மாதிரிக் கணக்கு. முதல் ரெய்ட்டின் 100 ரூபாயில் 90 டிவிடெண்ட், 10 வட்டி. எஸ்பிவி 22% சலுகை வரியைத் தேர்ந்தெடுக்காதவரை அந்த டிவிடெண்டுக்கு நமக்கு வரி இல்லை. வட்டிக்கு 3.12 போக 96.88 நிற்கும். இரண்டாவதில் 45 வட்டி, 45 கடன் அசல், 10 டிவிடெண்ட். வட்டிக்கு மட்டும் 14.04 போய்விடும், 85.96 நிற்கும். வட்டியில் டிடிஎஸ் 10%தான் பிடிப்பார்கள். மீதியை நாம் கட்ட வேண்டும் என்பது பலருக்கு ரிட்டர்ன் போடும்போதுதான் உறைக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த 45 ரூபாய் அசல்தான். வரும்போது வரி இல்லை என்பதால் இனிப்பாக இருக்கும். ஆனால் அது உங்கள் வாங்கிய விலையைக் குறைத்துவிடுகிறது. 2023 பிப்ரவரி பட்ஜெட் மசோதா இந்தத் தொகை முழுவதையும் வருமானமாகவே பார்த்தது. மார்ச்சில் அதைத் திருத்தினார்கள்: யூனிட்டின் வெளியீட்டு விலையைத் தாண்டும் வரை அது வாங்கிய விலையிலிருந்து கழியும், தாண்டிய பிறகு வருவது வருமானமாகி உங்கள் வரம்புப்படி வரி விழும். இதில் நுணுக்கமான ஓர் இடம் உண்டு. அந்த வரம்பைக் கணக்கிடும்போது, உங்களுக்கு முன் அதே யூனிட்டை வைத்திருந்தவர்களுக்கு வந்த அசல் தொகையும் சேரும். சந்தையில் இன்று வாங்குகிறவருக்கு அந்த வரம்பு ஏற்கெனவே ஓரளவு கரைந்திருக்கும்.

என் விற்பனையையே சொல்கிறேன். 300 ரூபாய்க்கு வாங்கியது, 310-க்கு விற்றேன். புரோக்கர் ஆப் யூனிட்டுக்கு 10 ரூபாய் லாபம் என்று காட்டியது. எந்தப் பெயரில் எவ்வளவு தந்தது என்று ஆண்டுதோறும் ரெய்ட் அனுப்பிய 64பி படிவங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். அசல் திருப்பம் என்ற வரியை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கூட்டினால் யூனிட்டுக்கு 36 ரூபாய் வந்தது. அப்படியென்றால் வாங்கிய விலை 264, லாபம் 46. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5% வரி, ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு என்பதால் பெரிய அடி இல்லை. ஆனால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் நாமே சுமக்க வேண்டும். சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வேலை. டிவிடெண்ட் வகையில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. எஸ்பிவி திருப்பித் தரும் அசல் ஒரு நாள் தீரும். எவ்வளவு மிச்சம் என்று ஒருங்கிணைந்த கணக்கில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் டிரஸ்ட்டும் எஸ்பிவியும் ஒரே குடும்பம் என்பதால் உள்கடன்கள் அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். டிரஸ்ட்டின் தனிக் கணக்கில், எஸ்பிவிகளுக்குக் கொடுத்த கடன் என்ற வரியில்தான் அது இருக்கும். நான் முதல் 2 ஆண்டுகள் ஒருங்கிணைந்த பக்கங்களை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன்.

டிவிடெண்ட் வகையிலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே எஸ்பிவி முதலில் வரி கட்டிவிட்டுத்தான் பணம் மேலே வருகிறது. அதே வாடகைக்கு, அறிவிக்கும் தொகையே சற்றுக் குறைவாக இருக்கலாம். அதனால் 100-க்கு 100 என்று ஒப்பிடாமல், சந்தை விலைக்கு வரி போகக் கைக்கு வருவது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எஸ்பிவிகள் 22% வரிக்கு மாறிவிட்டால் டிவிடெண்டுக்கும் நம் கையில் வரி வந்துவிடும். நான் தேர்ந்த வகைக்கு இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான்.

வரி வரம்புக்குள் வராதவருக்கு என் வாதம் பாதி விழுந்துவிடும். வேறு பெரிய வருமானம் இல்லாத என் அக்காவுக்கு வட்டியும் ஒன்றுதான், டிவிடெண்டும் ஒன்றுதான். பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அவரை நான் விற்கச் சொல்லவில்லை. அலுவலக இடங்கள் பெருமளவில் காலியாகும் காலத்தில் எந்த வகை தாங்கும் என்பதையும் என் 4 ஆண்டு அனுபவத்தை வைத்துச் சொல்லத் துணிய மாட்டேன்.

இப்போது காலாண்டு முடிவு வந்ததும் நிகர லாபத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. பகிர்வு அறிவிப்பில் டிவிடெண்ட், வட்டி, அசல் என்று பிரித்துக் காட்டும் வரிக்குப் போகிறேன். அப்புறம் டிரஸ்ட்டின் தனிக் கணக்கில் உள்கடன் மிச்சம், கடைசியாக வரிக் குறிப்பில் எந்த எஸ்பிவியாவது சலுகை விகிதத்துக்கு மாறியிருக்கிறதா என்பது. மூன்றுக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆகிறது.