பெரியப்பாவின் ஆட்டைத்திவசம்: ஊரில் பெற்ற சேவைகளும் ஒரு நினைவு மலரும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் பிரிவில் வேலை பார்த்த என் பெரியப்பா சென்ற ஆண்டு மானிப்பாயில் காலமானார். ரொறொன்ரோவிலிருந்து இறுதிக்கிரியைக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத்திவசத்துக்கு ஊரில் நிற்பது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லாதபடியால், பெறாமக்களில், அதாவது உடன்பிறந்தாரின் பிள்ளைகளில், மூத்தவனாகிய என்மீதே அந்தக் கடமை விழுந்தது. இதே காரியமாக ஊருக்குப் போக இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அங்கே கண்டவற்றை எழுதுகிறேன்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் திதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். இறந்த ஆங்கிலத் தேதியில் திவசம் வருவதில்லை. தமிழ் மாதம், பட்சம், திதி ஆகிய மூன்றையும் பார்த்தே நாள் குறிப்பதால், அது பல நாள்கள் முன்னும் பின்னுமாக அமையும். இதற்கு மேல், வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடுவதுண்டு. பெரியப்பா விடியற்புறத்தில் இறந்தவர் என்பதால் அந்த வேறுபாடு எங்களுக்கு ஒரு முழு நாளாகவே வந்து நின்றது. எந்தப் பஞ்சாங்கத்தை வீட்டில் கைக்கொள்வது என்று பெரியம்மாவிடமும் சைவக்குருக்களிடமும் கேட்டு முடிவான பின்னரே நான் சீட்டு எடுத்தேன்.

2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து சிறிய விமானத்தில் வந்திறங்கலாம். ஆயினும் நான் கொழும்பு கோட்டையிலிருந்து புகையிரதத்திலேயே வந்தேன். அதற்குக் காரணம் பெரியப்பாதான். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் வடக்கே வராமல் நின்றுபோனதையும், 2014இல் யாழ்ப்பாணம் வரையும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் பாதை மீண்டதையும் அவர் தம் குடும்பத்து நன்மை தீமைகளைச் சொல்வதுபோலத் தொலைபேசியில் எனக்குச் சொல்லிவந்தார். குளிரூட்டிய பெட்டி துப்புரவாக இருந்தது. ஆசனங்களை முன்பதிவு செய்வதுதான் கடினம். ஊரிலுள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே எடுப்பிப்பது நல்லது.

பெரியம்மாவின் காணி அலுவலுக்காக இறப்புச் சான்றிதழின் மேலதிகப் பிரதிகள் தேவைப்பட்டன. பிரதேச செயலகத்தில் வரிசை நீளமாக இருந்தாலும் அலுவலர்கள் பொறுமையாகவே நடந்துகொண்டார்கள், பிரதிகளும் அன்றே கிடைத்தன. காணி உறுதியிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அங்கே நின்றபடியே சரிபார்த்துவிடுங்கள். வேறுபட்டால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும், அதற்கு வெளிநாட்டிலிருந்துகொண்டு அலைவது பெரும் பாடு.

கிரியையைக் கீரிமலையில் செய்தோம். கடலின் ஓரத்திலேயே நன்னீர் சுரக்கும் அந்தக் கேணியில் முழுகி, பிண்டமிட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, நகுலேஸ்வரரைக் கும்பிட்டு வீட்டுக்கு வந்து படைத்தோம். குருக்கள் பொருள்களையெல்லாம் தாமே கொண்டுவந்ததோடு, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறோம் என்று என் மகளுக்கும் விளங்கும்படி சொன்னார். கறுத்தக் கொழும்பான் மாம்பழக் காலம் அல்லாதபோதும் சமையல்காரர் எங்கோ தேடி இரண்டு பழம் கொண்டுவந்து படையலில் வைத்தார். பெரியப்பாவின் விருப்பத்தை அவருக்குச் சொன்னவர் யார் என்று தெரியவில்லை.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அச்சு வேலையைப் பற்றி. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு நூலை அச்சிட்டுக் கொடுப்பது யாழ்ப்பாணத்தின் நெடுநாள் வழக்கம். பஞ்சபுராணம், இறந்த நாளைச் செய்யுளில் பதிந்துவைக்கும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதன் உறுப்புகள் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டவை. பெரியப்பாவுக்கு முப்பத்தோராம் நாளில் நான்கு பக்கத்தில் ஒரு சிறு மடிப்பிதழே அடித்திருந்தார்கள். திவசத்துக்கு முழுமையான நினைவு மலர் ஒன்று வேண்டும் என்று நான் நகரிலுள்ள ஓர் அச்சகத்துக்குப் போனேன்.

“தம்பி, பாட்டெல்லாம் எங்களிட்ட இருக்குது. பேரும் திதியும் தந்தால் காணும்,” என்றார் அங்கிருந்த முதியவர். அவர் சொன்னது உண்மைதான். மறுநாளே முதற்படி வந்துவிட்டது. வேகத்தையும் தாளின் தரத்தையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சீமெந்துத் தொழிற்சாலையில் எண்ணெய்க் கறையோடு நின்ற மனிதர் அந்தப் படியில் ‘மாணாக்கர் போற்றும் ஆசானாக’ விளங்கினார், அவருக்கு இல்லாத பிள்ளைகள் இரண்டு பக்கம் புலம்பினார்கள். படப்பிடிப்பு நிலையத்தாரோ அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, கழுத்துப்பட்டியும் கோட்டும் அணிவித்திருந்தார்கள். வெள்ளை அரைக்கைச் சட்டையைத் தவிர வேறொன்றும் போடாதவர் அவர். எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் திருத்தித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யாருடைய வாழ்க்கையை அச்சிடுகிறோம் என்பதை அச்சகம் அறிந்திருக்க முடியாது. அது குடும்பத்தார் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொருள். நாங்கள் பெரும்பாலும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடும் கவனத்தில் கால் பங்கைக்கூட அதற்குக் கொடுப்பதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது பெரியப்பாவின் பழைய குறிப்பேடு. 1950இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றுபோனது. அதே ஆண்டு யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, தையிட்டியில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களும் சிதறிப்போனார்கள். யார் எங்கே போய்ச்சேர்ந்தார்கள் என்பதை அவர் அன்று தொட்டு எழுதிவந்திருக்கிறார். மானிப்பாய், சுண்டுக்குளி, வவுனியா என்று தொடங்கும் முகவரிகள் வெட்டப்பட்டு, தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாம், பாரிஸ், ஸ்காபரோ என்று மாறிக்கொண்டே போகின்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எழுதிய பக்கங்களில் மட்டும் எழுத்து நெருக்கமாக, பென்சிலில் இருக்கிறது. கலியாணக் கடிதம் அனுப்பவோ மரண அறிவித்தல் சொல்லவோ ஊரார் முகவரி கேட்டு வந்தது அவரிடந்தான்.

அந்தக் குறிப்பேட்டிலிருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். நடேஸ்வராக் கல்லூரியில் அவரோடு படித்தவர் ஒருவர், அவர் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும் தம்பிமாரின் படிப்புக்காக மேற்படிப்பை விட்டதைச் சொன்னார். தம்பிமாருள் ஒருவரான என் அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. தொழிற்சாலையில் அவரோடு முறை வேலை பார்த்த முதியவரை மல்லாகத்தில் நேரில் சந்தித்தேன். “உம்மட பெரியப்பா மெசின் நிண்டாலும் வீட்டுக்குப் போகமாட்டார், ஓடினாலும் போகமாட்டார், ஏன் ஓடுது எண்டு பாத்துக்கொண்டு நிப்பார்,” என்றார். தெற்கிலிருந்து வந்த வேலையாள்களோடு பேசிப் பழகியே பெரியப்பா சிங்களம் கற்றதும், இடம்பெயர்ந்த பின் மிதிவண்டி திருத்தி வீட்டை நடத்தியதும், காசில்லாதவரிடம் ‘பிறகு பாப்பம்’ என்று சொல்லி அனுப்பியதும் இப்படித்தான் மலருக்குள் வந்தன. குறிப்பேட்டின் எட்டுப் பக்கங்களையும் படியெடுத்துச் சேர்த்தோம். புலம்பல் பாடல்களில் பெறாமக்கள் பாடுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினோம். திதி வெண்பாவை விடவில்லை, அடுத்த தலைமுறை நாள் பார்க்க அது வேண்டும்.

அன்னதானம் பற்றி ஒரு வார்த்தை. முதியோர் இல்லங்களில் ஒரு நேர உணவுக்குப் பணம் கட்டலாம். நாளை முன்கூட்டியே பதிந்து பற்றுச்சீட்டும் பெறலாம். நாங்கள் போன இல்லத்தில் உணவு நன்றாகவே இருந்தது. ஆனால் இறந்தவரின் பெரிய படத்தைப் பின்னால் கட்டி, முதியவர்கள் சாப்பிடுவதைக் காணொளியாக எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டிருக்கிறது. நாங்கள் வேண்டாம் என்றபோது பொறுப்பாளர் வியந்தார். பணம் தருபவர்கள் கேட்பதனால்தான் எடுப்பதாகச் சொன்னார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

மலரின் ஒரு பிரதியை 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தோம். ஈழத்து நினைவு மலர்கள் பல அங்கே சேர்ந்திருப்பதால் ஊர் வரலாறு தேடுவோர்க்கும் இது கிடைக்கும். மற்றவற்றைக் குறிப்பேட்டு முகவரிகளுக்கு அனுப்பியபின் இரண்டு திருத்தங்கள் வந்திருக்கின்றன: வம்சாவளியில் ஒரு பேத்தியின் பெயர் விடுபட்டிருக்கிறது, பெரியப்பா வேலையில் சேர்ந்த ஆண்டை ஓராண்டு பிந்திப் போட்டிருக்கிறோம். அந்தப் பக்கங்களைத் திருத்தி அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பதிப்புக்கும் பழைய கூலியே போதும் என்று அந்த முதியவர் பதில் எழுதியிருக்கிறார்.