புல்தரையில் மரம் நட ஆள் அமர்த்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னைப் புறநகரில் வீடு கட்டி முடித்ததும், முன்புறம் கொரியன் புல் பதித்த இடத்தில் மரங்கள் நட்டுத் தருமாறு ஒரு நர்சரிக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர் எல்லாவற்றுக்கும் உயரத்தை வைத்தே விலை சொன்னார். எட்டடி மகிழமரம் ஒன்று, இமாம்பசந்த் ஒட்டு மா ஒன்று, மதிலோரம் கோனோகார்ப்பஸ் என்ற வேகமாக வளரும் அயல்நாட்டு மரம் பன்னிரண்டு என்று மொத்தம் 38,000 ரூபாய் ஆயிற்று. நட்ட அன்றே தோட்டம் நிறைந்தாற்போல் இருந்ததால் நாங்களும் மகிழ்ந்துபோனோம்.

மூன்றாம் ஆண்டு மகிழமரம் வெளிறத் தொடங்கி, ஒரு மழைக்காற்றில் மூங்கில் முட்டோடு சாய்ந்தது. தோண்டிப் பார்த்தபோது வேர்ப்பந்தைச் சுற்றிக் கருப்பு பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. அடியில் மட்டும் இரண்டு கீறல் போட்டுப் பையோடு குழியில் இறக்கியிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லாத வேர்கள், தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, தண்டின் அடியையே இறுக்கியிருந்தன. பல ஆண்டுகள் சிறிய பையிலேயே கிடந்து உயர்ந்த செடியைத்தான் பெரிய மரம் என்று அதிக விலைக்குத் தந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாமரத்தின் கதை வேறு. ஒட்டு மா என்றால் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரியும். தழும்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் பருமனும் பெரும்பாலும் மாறுபட்டிருக்கும். தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் மரத்தில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்துக் காட்டினார். அடியில் கீறலே இல்லை, வழுவழுவென்ற பட்டைதான் இருந்தது. கொட்டையிலிருந்து முளைத்த செடிக்கு நாடாவைக் கட்டி ஒட்டு என்று விற்றிருக்கிறார்கள். ஒட்டுச் செடி மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். இதற்கு அதைப்போல் இரு மடங்கு காலமாவது காத்திருக்க வேண்டும், அப்போதும் தாய்மரத்தின் பழம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. போதாக்குறைக்கு, பூப்பதற்கு முன் சிறிது காலம் தண்ணீரில்லாமல் காய வேண்டிய மாமரத்தைத் தினமும் தண்ணீர் பாயும் புல்லின் நடுவே நட வேண்டாம் என்று நர்சரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோனோகார்ப்பஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதிலோரக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் அதைத் திறந்தபோது, உள்ளே முடிக்கற்றை போல வேர் நிறைந்திருந்தது. குழாய், கேபிள்களுக்கு ஏற்படும் சேதத்தையும் மகரந்த ஒவ்வாமையையும் காரணம் காட்டி குஜராத் அரசு 2023இல் இந்த மரத்தை நடத் தடை விதித்தது.

நர்சரிக்காரரைக் கேட்டதற்கு, "நட்டதுக்குத்தான் சார் நான் பொறுப்பு, வளர்றதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். நட்டதிலேதான் கோளாறு என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. கடைப்பெயர் இல்லாத துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்திருந்ததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் கையில் ஆதாரம் இல்லை.

ஆகவே மரத்தின் பெயர், ஒட்டா விதையா என்ற விவரம், நடுகூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பையைக் கண்ணெதிரே கிழிக்கச் சொல்லி, வேர் சுருண்டிருந்தால் செடியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எட்டடிச் செடியைவிட வேர் சுருளாத இரண்டடிக் கன்று சில ஆண்டுகளில் முந்திவிடும். தண்டைச் சுற்றி மூன்றடிக்காவது புல்லை எடுத்துவிடுவதும் நல்லது.

மகிழமரம் இருந்த குழியில் இப்போது முழங்கால் உயர மகிழங்கன்று ஒன்றை நாங்களே நட்டிருக்கிறோம். கோனோகார்ப்பஸை வெட்டி வேரோடு எடுக்க, வாங்கிய விலையைவிடக் கூலி அதிகமாயிற்று. மாவை மட்டும் வெட்ட மனம் வரவில்லை.