நத்தார் மேசைக்கு ரேந்தையா, மருதமுனைக் கைத்தறியா?

மட்டக்களப்பில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வருவது மாரி மழையோடு. மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சோறு போட்டால் மேசை விரிப்பில் மஞ்சளும் எண்ணெயும் படாமல் இருக்காது. அதைத் தோய்த்துக் காயப்போட அந்த வாரத்தில் வெயில் கிடைப்பது நிச்சயமில்லை. அதனால் எது வடிவு என்று பார்ப்பதற்கு முன், எந்தத் துணி எந்தச் சாப்பாட்டைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் சரி.

எங்கள் வீடுகளில் இருப்பது மூன்று வகை: அம்மம்மா காலத்து வெள்ளை ரேந்தை (லேஸ்), மருதமுனைக் கைத்தறி, கடையில் வாங்கும் பொலியெஸ்டர். கடைசியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். மலிவு, கெதியாகக் காயும். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. சிந்திய சொதி நேரே மடியில் வந்து விழும். விசேஷ நாளுக்கு நான் அதை விரிக்கமாட்டேன்.

ரேந்தையின் அழகுக்கு மற்ற எதுவும் ஈடில்லை. காலி, வெலிகம பக்கத்துப் பீரலு ரேந்தை என்றால், தலையணை மேல் மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னியது. தடவிப் பார்த்தால் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். குரோஷே ஒற்றைக் கொக்கி ஊசியால் போட்டது, கையில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். நம் பெட்டிகளில் கிடப்பது பெரும்பாலும் குரோஷேதான். மாதக்கணக்கில் இருந்து பின்னிய அந்த உழைப்பை நினைத்தாலே, அதைக் கோழிக்கறிக்குக் கீழே விரிக்க மனம் வராது.

விரித்தால் என்ன நடக்கும்? மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் அது சிவக்கும். பயந்துவிட வேண்டாம், நன்றாக அலசினால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளை வெளுப்பது வெயில்தான், மார்கழியில் அதுதான் இல்லை. குளோரினில் போட்டால் கறையோடு பழைய நூலும் நைந்துபோகும். ரேந்தைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் போடுகிறவர்கள் உண்டு. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, பின்னல் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

மருதமுனை, மட்டக்களப்பிலிருந்து போனால் கல்முனைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. சாரத்துக்கும் சாரிக்கும் பேர்போன நெசவு ஊர். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் தெரிவு அந்தத் துணிதான். பருத்தி, நன்றாக உறிஞ்சும். கருஞ்சிவப்பு, கரும்பச்சைக் கட்டம் எடுத்தால் மஞ்சள் கறை கண்ணில் குத்தாது. ஒரு சிக்கல், அகலம். ஆறு பேர் மேசை 36 அங்குல அகலம் என்றால், இரு பக்கமும் பத்து அங்குலம் தொங்க 56 அங்குலம் வேண்டும். சாரித்துணி அந்த அகலத்துக்கு வராது. நடுவில் மூட்டினால் அந்தத் தையல் சரியாகக் கறிச்சட்டிகளுக்குக் கீழே ஓடும், பார்வைக்கு நன்றாக இராது. முழு அகலத் துண்டு ஒன்றை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் ஒடுக்கமான துண்டுகளை மூட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் ஒருதரம் தோய்த்தே ஆகவேண்டும், புதுக் கைத்தறி சுருங்கும்.

கை துடைக்கும் துணிக்குச் சாரமே போதும். 2 மீற்றர் நீளமும் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமும் உள்ள ஒரு சாரத்தில் 50 சென்ரிமீற்றர் சதுரமாக எட்டுத் துண்டு வரும். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு, கடையில் விற்கும் சின்ன நாப்கினை விட இந்த அளவுதான் தோது.

அப்போ ரேந்தை? அதற்குப் பின்னேரத் தேத்தண்ணி மேசை இருக்கிறது. ரிச் கேக், கொக்கிஸ், பீரிசோடு கோப்பைகள். அடியில் ஒரு கைத்தறித் துணியை விரித்து மேலே போட்டால் ஒவ்வொரு பூவும் எடுப்பாகத் தெரியும். முடிந்ததும் கஞ்சி போடாமல் தோய்த்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும். மடித்த இடத்தில்தான் நூல் முதலில் அறும்.

பீங்கானிலும் இதே போட்டி உண்டு. கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்த பொன்விளிம்புக் கோப்பைகளா, தினமும் புழங்கும் மெலமைனா? வருசத்துக்கு ஒருநாளாவது பழசை எடுங்கள் என்றே சொல்வேன். கட்டம் போட்ட கைத்தறி மேல் பூப்போட்ட பீங்கான் கண்ணுக்கு நெருக்கும், வெள்ளை நன்றாகப் பொருந்தும். பூப்போட்டது ரேந்தைக்குச் சேரும். பொன்விளிம்பைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், மைக்ரோவேவில் வைக்கவும் கூடாது. மயிரிழை வெடிப்பு விழுந்த பழைய பீங்கானில் புளிக்கறி ஊற்ற வேண்டாம். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இழுக்கும். அதில் தோலோடு வாழைப்பழம் வையுங்கள். ஒரு செட்டில் ஏழுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் இன்னொரு செட்டில் ஐந்தை எடுத்து, கலந்து வையுங்கள்.