வெட்டிச் சமன்படுத்திய மலைச்சரிவில் மனை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறிய மூன்றாம் ஆண்டில், எங்கள் சமையலறைக் கதவின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியது. அதன் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினேன். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீண்டிருந்தது. உள்ளே ஒரு நாணயத்தைச் செருக முடிந்தது.

"சார், கீழே முழுக்கப் பாறை, பயப்படவே வேண்டாம்" என்று விற்பனைப் பிரதிநிதி மனையின் முன்பக்கத்தில் நின்று காலால் தட்டிக் காட்டியிருந்தார். அவர் தட்டிய இடத்தில் பாறை இருந்தது உண்மைதான். ஆனால் சரிவின் மேற்பகுதியை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டித்தான் இத்தகைய மனைகளை உருவாக்குகிறார்கள். எங்கள் வீட்டின் முன்பாதி வெட்டிய பாறையிலும், பின்பாதி ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கொட்டிய மண்ணிலும் நிற்கிறது என்பதைப் பின்னர் நாங்களே பணம் கொடுத்துத் துளையிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கொட்டிய மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் இறுக்கி, அடியில் வடிகுழாய் பதித்திருந்தால் அது பெருமளவு தாங்கும். அப்படிச் செய்யாத மண் பல ஆண்டுகள் கழித்து நீர் இறங்கும்போதுகூட அமுங்கும், பாறை அமுங்காது, இடையில் வீடு பிளக்கிறது. 1994 ஜனவரியில் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் மலைச்சரிவு வீடுகளின் சேதம் பல இடங்களில் வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே காணப்பட்டது.

எங்களை அதிகம் கலங்கவைத்தது இதற்கு அடுத்துத் தெரிந்ததுதான். நாங்கள் அமர்த்திய புவியியலாளர் வீட்டின் முன்னே வெட்டப்பட்ட பாறைமுகத்தில் ஒரு விரற்கடை அகலத்தில் ஓடிய சாம்பல் நிறக் களிமண் பட்டையைச் சுரண்டி என் கையில் வைத்தார். சோப்புத் துண்டைப் போல வழுக்கியது. அங்கே ஒரு நிலப்பிளவு, அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த இடம் இருந்தது; பிளவின் இருபுறப் பாறைகளும் ஒன்றோடொன்று உராய்ந்து அரைந்த மாவு அது. நீரை ஊடுருவ விடாமல் தேக்குவதால் அந்தப் பட்டைக்கு மேலே பாறை கசிந்துகொண்டே இருந்தது. இந்தப் பிளவு அண்மைக் காலத்தில் அசைந்ததா என்று கேட்டேன். அதன்மேல் படிந்திருந்த இளைய மண் அடுக்குகள் அறுபட்டிருக்கின்றனவா என்பதை வைத்தே அதைச் சொல்ல முடியும் என்றும், அந்த அடுக்குகளை புல்டோசர் வழித்தெடுத்துவிட்டது என்றும் அவர் விளக்கினார். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் தரை கிழிந்து வீடுகள் சிதைந்த பிறகு, 1972இல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டம், சுமார் 11,000 ஆண்டுகளுக்குள் அசைந்த பிளவின் மேல் மக்கள் வசிக்கும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. அந்த வயதை அறியவே அங்கே, கட்டுவதற்கு முன்பு அகழி தோண்டிப் பார்க்கிறார்கள்.

சமன்படுத்தும் முன் அகழி தோண்ட வேண்டும் என்ற பரிந்துரை, வீட்டை எங்களுக்கு விற்ற நிறுவனம் பெற்றிருந்த மூல அறிக்கையிலேயே இருந்தது. எங்களுக்குத் தரப்பட்ட நான்கு பக்கச் சுருக்கத்தில் அந்தப் பக்கமும் இல்லை, வெட்டு நிரப்பு வரைபடமும் இல்லை. முறையிட்டபோது, "புது வீடு கொஞ்சம் அமரத்தான் செய்யும்" என்று சொல்லி, ஆள் அனுப்பி விரிசலில் பட்டி பூசி, என் பென்சில் தேதிகளையும் சேர்த்து வண்ணமடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் முழு மண் ஆய்வறிக்கையையும், பழைய நிலமட்டமும் புதிய மட்டமும் ஒருங்கே காட்டும் வரைபடத்தையும், ஒவ்வோர் அடுக்கும் இறுக்கப்பட்டதற்கான சோதனைப் பதிவுகளையும் எழுத்தில் கேளுங்கள். சுருக்கம் போதும் என்று சொன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். எங்கள் சுவரில் வண்ணத்துக்கு மேலே விரிசல் மறுபடி தெரிகிறது. இம்முறை அதன் இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வருகிறேன்.