போஹிஞ் ஏரி: அரை நாளில் பார்த்து முடிக்கும் இடமல்ல

சுலோவேனியாவுக்குச் செல்லும் பலர் பிளெட் ஏரியில் தங்கிக்கொண்டு, அரை நாளை மட்டும் போஹிஞ்சுக்கு ஒதுக்குகிறார்கள். நானும் அப்படித் திட்டமிட்டுத்தான் போனேன். மூன்று நாள் தங்கிவிட்டே திரும்பினேன். அந்நாட்டின் ஒரே தேசியப் பூங்காவான திரிக்லாவுக்குள் இருக்கும் இந்த ஏரி, 4.2 கிலோமீட்டர் நீளமும் 45 மீட்டர் வரை ஆழமும் கொண்டது. எரிபொருளில் ஓடும் படகுகளுக்கு இங்கே அனுமதியில்லை. சுற்றுலாப் படகும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதனால் கரையில் நின்றால், தொலைவில் யாரோ துடுப்புப் போடும் ஓசைகூடக் காதில் விழுகிறது.

ஏரியைச் சுற்றி நடக்கச் சுமார் 12 கிலோமீட்டர். முழுச் சுற்று அவசியமில்லை என்பது என் கருத்து. தென்கரையில் பெரும்பகுதி சாலையை ஒட்டியே போகிறது. வடகரைப் பாதையோ காட்டுக்குள் புகுந்து, அவ்வப்போது கூழாங்கல் கரைகளில் இறங்கி ஏறுகிறது. ஏரியின் கிழக்கு முனையிலுள்ள ரிப்செவ் லாஸ் ஊரில் தொடங்கி வடகரை வழியாக மேற்கு முனை வரை நடந்து, படகில் திரும்புவதே சிறந்தது. அந்த முனையிலிருந்து சாவித்சா அருவிக்கும் போகலாம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால், 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் பாறைக்குள் இரண்டாகப் பிரிந்து வருவதைக் காணலாம். பார்வை மேடை சிறியது என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

துடுப்புப் படகு விஷயத்தில் எனக்குக் கசப்பான அனுபவம் ஒன்று உண்டு. வாடகைக்குக் கொடுத்தவர், என் அளவுக்குப் பொருந்தாத உயிர்காப்பு உடையைக் கையில் திணித்துவிட்டு, பிற்பகலில் காற்று எழும் என்பதைச் சொல்லாமலே அனுப்பிவிட்டார். திரும்பும்போது எதிர்காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. உடையின் வாரை இறுக்கிப் பார்த்து, காற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே படகில் ஏறுங்கள்.

வோகெல் கம்பிவட ஊர்தி சில நிமிடங்களில் 1,535 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. முதல் நாள் மேகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. 2,864 மீட்டர் உயரமுள்ள திரிக்லாவ் சிகரம் ஏரிக்கு அப்பால் முழுதாக எழுந்து நின்றது. அச்சிகரத்தை 1778-இல் முதன்முதலில் எட்டிய நால்வருக்கு ரிப்செவ் லாஸில் சிலை வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மலையை நோக்கிக் கை நீட்டியபடி நிற்கிறார். மலையைக் கண்ணால் கண்ட பிறகு அந்தச் சிலையைப் பார்ப்பது வேறோர் அனுபவம்.

ஆனால் என்னை மூன்று நாள் பிடித்து வைத்தது மலையும் நீரும் மட்டுமல்ல. ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில், கல்பாலத்தை ஒட்டிப் புனித யோவான் தேவாலயம் இருக்கிறது. வெளிச்சுவரில் புனித கிறிஸ்தோபர் ஆளுயரத்தைவிடப் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறார். உள்ளே பல நூற்றாண்டுப் பழமையான சுவரோவியங்களில், கூரிய பற்களைக் காட்டும் தேவதூதர்களும் வெள்ளை நிறத்துப் பிசாசு ஒன்றும் தென்படுகின்றன. வெளிச்சம் குறைவு, கண் பழகும்வரை பொறுமையாக நின்றால்தான் அவை ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன.

அங்கிருந்து நடை தூரத்தில் உள்ள ஸ்தாரா ஃபூஷினா கிராமத்தில், பழைய பாலாடைக்கட்டிப் பட்டறை ஒன்றையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்குள்ள செப்புக் கொப்பரைகளையும் மரக் கருவிகளையும் பார்த்த பிறகுதான், மேலே புல்வெளிகளில் நான் கண்ட குடிசைகள் எதற்காக என்பது புரிந்தது. கோடையில் மந்தையோடு மலையேறும் மேய்ப்பர்கள் தங்குவதற்கானவை அவை. மந்தை இறங்கி வருவதைச் செப்டம்பரில் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஸ்டூடோர் கிராமத்து வாயிலில் வரிசையாக நிற்கும், புல் உலர்த்துவதற்கான கூரை வேய்ந்த மரச் சட்டகங்களும் அதே வாழ்க்கையின் மிச்சங்கள்தாம்.

மோஸ்த்னித்சா பள்ளத்தாக்குப் பாதையும் ஸ்தாரா ஃபூஷினாவிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே ஆற்று நீர் குடைந்த பாறை ஒன்று, துதிக்கையை நீருக்குள் விட்ட யானைக் குட்டியைப் போலவே இருக்கிறது. பாதை ஈரமாக இருக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு என்பதால், பேருந்தில் வந்து ஸ்தாரா ஃபூஷினாவிலேயே தங்கிக்கொள்ளுங்கள்.